பினாங்குச் சாலையில் விருந்தாளிகளும் பி ஸ்டிக்கர் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் 11 வருஷம் சுற்றுலா வேன் ஓட்டினேன். கோவிட் வந்து பயணிகள் நின்றதும் வேனை விற்றுவிட்டு, இப்போது காடி (கார்) ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். அதாவது நடுரோட்டில் வேனை நிறுத்தி வெள்ளைக்காரர்களை இறக்கிவிட்டவனும் நான்தான், இன்று எல் போர்டு மாட்டிக்கொண்டு உங்கள் முன்னால் ஊர்ந்து போகிறவனும் நான்தான். இரண்டுக்கும் திட்டு வாங்கியிருக்கிறேன். படிக்க வரும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் தே தாரேக் குடிக்கும் கூட்டாளிகள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்னால் போகிற காடியை வெளிநாட்டுக்காரர் ஓட்டுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்பர் பிளேட் உதவாது. பி என்று தொடங்கினால் பினாங்கு, கே என்றால் கெடா, ஏ என்றால் பேராக். ஆனால் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் எடுத்த வாடகைக் காடியும் உங்கள் பக்கத்து வீட்டுக் காடியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

வைப்பரைப் பாருங்கள். பெரோடுவா, பழைய புரோட்டோன், ஜப்பான் காடிகளில் சிக்னல் குச்சி ஸ்டீரிங்கின் வலது பக்கம் இருக்கும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது இடது பக்கம். திரும்ப வேண்டிய நேரத்தில் அவர் கை பழக்கத்தில் இடது குச்சியைத் தட்டும். இங்கே அதுதான் வைப்பர். சுள்ளென்று வெயில் அடிக்கிற மதியம், கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, வைப்பர் மட்டும் 'கீச் கீச்' என்று இரண்டு தடவை ஆடுகிறது என்றால் அவர் திரும்பப் போகிறார். எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது. காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு அடையாளம், காடி லைனின் இடது கோட்டை உரசிக்கொண்டே போகும். ஊரில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டியவருக்குத் தன் இடது தோளுக்கு அப்பால் இன்னும் ஒரு ஆள் அகலத்துக்குக் காடி இருக்கிறது என்பது உறைக்க இரண்டு நாளாகும். வாடகைக் காடிகளின் இடது பக்க ரிம்மைக் கவனித்துப் பாருங்கள், திண்ணை விளிம்பில் தேய்த்த அண்டா மாதிரி இருக்கும். பக்கத்தில் மோட்டார் (பைக்) ஓட்டுகிறவர்கள் அந்த இடது பக்கச் சந்துக்குள் நுழையவே கூடாது.

எல்லா வெளிநாட்டுக்காரரும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, நம் தமிழ்நாடு எல்லாமே இடது பக்கம் ஓட்டுகிற ஊர்கள். சீனாவும் ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளும்தான் வலது பக்கம்.

லெபோ அர்மேனியனில் காடியை நடுவில் நிறுத்திப் படம் எடுக்கிறார்களே, என்ன செய்வது?

அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் முதல் வழி. கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தத் தெரு இருக்கும் ஜார்ஜ்டவுன் நகரம் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2012-இல் எர்னஸ்ட் சக்காரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை லெபோ அர்மேனியன் சுவரில் வரைந்தார். அதன் பிறகு அந்தத் தெரு வண்டி போகிற தெருவாக இல்லை. சுவரில் இருப்பது நிஜ சைக்கிள், படத்தோடு சேர்த்து ஒட்ட வைத்தது. அதன் மேல் கை வைத்து நிற்கிற மனைவியை முழுசாகப் படத்துக்குள் கொண்டுவர, கணவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து உங்கள் பானெட்டில் வந்து உட்காருவார். கண்கள் போனில் இருக்கும். ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்து, 'சாரி' என்று சொல்லிவிட்டு, இன்னொரு படம் எடுப்பார்.

இதோடு நான்கு பேர் உட்கார்ந்து மிதிக்கிற, மேலே கூரை போட்ட வாடகை சைக்கிள் வண்டிகள் வேறு. முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா ஒரு பக்கம் திருப்புவார், பின்னால் இருக்கும் பிள்ளைகள் மிதிக்க மாட்டார்கள். நடுச்சந்தியில் நின்றுவிடும். பேச்சா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டும் பெரியவர்கள் இந்த வண்டிகளைப் பார்க்கிற பார்வையைக் காசு கொடுத்துப் பார்க்கலாம்.

கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் காடியை வெளியே எங்காவது வைத்துவிட்டு நடங்கள். இல்லையென்றால் பெர்ரி ஜெட்டிக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் நடுவே ஓடும் இலவச கேட் பஸ்ஸில் ஏறுங்கள். பள்ளி விடுமுறையில் நானே அப்படித்தான்.

ஹாரன் அடிக்கலாமா?

ஒரு தடவை, சின்னதாக, 'நான் இருக்கிறேன்' என்று. அழுத்திப் பிடித்தால் பயந்துபோய் நடுவிலேயே பிரேக் போடுவார். புது லைசென்ஸ் என்று காட்டும் பி ஸ்டிக்கர் ஒட்டிய பிள்ளையாக இருந்தால் மேனுவல் காடி என்ஜின் நின்றே போகும். அப்புறம் நீங்களும் அங்கேயேதான் நிற்க வேண்டும்.

பினாங்குப் பாலத்து டோலில் ஏன் எப்போதும் யாராவது ரிவர்ஸ் எடுக்கிறார்கள்?

டோல் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை ஊர்ப் பக்கம் இருக்கிறது. தீவுக்கு வரும்போது மட்டும்தான் கட்டணம், திரும்பிப் போகும்போது கிடையாது. ரொக்கம் வாங்க மாட்டார்கள். இதில் எதுவுமே வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. கையில் 50 வெள்ளி (ரிங்கிட்) தாளை நீட்டிக்கொண்டு தடுப்புக் கட்டை முன்னால் உட்கார்ந்திருப்பார்.

ஒரு தடவை ஈப்போவிலிருந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளை மைவி காடி. டச் அண்ட் கோ என்ற, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் கார்டைத் தட்டுகிறார், கட்டை தூக்கவில்லை. திருப்பிப் போட்டுத் தட்டுகிறார். துடைத்துத் தட்டுகிறார். பின்னால் பத்துப் பன்னிரண்டு காடி. எல்லாரும் ஹாரனில் கை வைத்துவிட்டார்கள். அவர் பின் விளக்கு வெள்ளையாக எரிந்தது, ரிவர்ஸ் கியர். என் வேனுக்கும் அவர் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். இறங்கி ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே வயசான ஒரு கொரியத் தம்பதி. அந்த அம்மா மடியில் விரித்த வரைபடத்தின் மேல் சில்லறையைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். கார்டில் மீதம் 2 வெள்ளி சொச்சம். வேனில் எப்போதும் இரண்டு கார்டு வைத்திருப்பேன், ஒன்றை எடுத்துத் தட்டிவிட்டேன். அப்போது 7 வெள்ளி. 2020 பிப்ரவரியிலிருந்து 5 வெள்ளி 74 காசு. கட்டை தூக்கியதும் ஹாரன் சத்தம் நின்றது. முதலில் இறங்கி வந்திருந்தால் 7 வெள்ளியில் முடிந்திருக்கும் விஷயம், அதற்குள் ஐந்து நிமிஷம் பன்னிரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம்.

கட்டையை ஒட்டிப் போய் நிற்காதீர்கள். முன்னால் இருப்பவர் தடுமாறுகிறார் என்று தெரிந்தால் ஒரு காடி நீளம் விட்டு நில்லுங்கள். அவர் பின்னால் வந்தாலும் உங்களை இடிக்காமல் வர அந்த இடம் போதும்.

பெர்ரியில் காடியை ஏற்றலாமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள்.

முடியாது. 2021-லிருந்து நடந்து வருகிறவர்கள், சைக்கிள், மோட்டார் மட்டும்தான். காடி என்றால் இரண்டு பாலங்களில் ஒன்று. 1985-இல் திறந்தது குளுகோர் பக்கம் இறக்கிவிடும், 2014-இல் திறந்தது பத்து மாவுங்கில்.

பத்து பெரிங்கி ரோட்டில் வாடகை ஸ்கூட்டர்க்காரர்களை எப்படிச் சமாளிப்பது?

எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்குவது இவர்கள்தான். காடியில் தவறு செய்தால் தகரம் நசுங்கும். அரைக்கால் சட்டை, ஜப்பான் செருப்பு, வாரில் பூட்டாத ஹெல்மெட் என்று வருகிற 20 வயசுப் பையன், ஊரில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியிருக்க மாட்டான். நம் நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் ஓட்டிகள்தான், அதுவும் தினமும் ஓட்டிப் பழகினவர்கள். இவனோ நேற்று ஏறினவன்.

தஞ்சோங் பூங்கா தாண்டியதும் சாலை கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாறை. நேர்ப்பாதையில் வேகமாகப் போவான், வளைவு வந்ததும் பயந்து நடுக்கோட்டுக்கு வருவான். எதிரே பஸ் வரும். வளைவுக்குள் அவனை முந்தாதீர்கள். வளைவு முடிந்து ஐந்தாறு மோட்டார் நீளம் நேராக ஓட்டுகிறானா பாருங்கள், அப்புறம் நல்ல இடைவெளி விட்டு முந்துங்கள். பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் கண்ணாடியில் உங்களைப் பார்த்துப் பார்த்தே வளைவைக் கோட்டை விடுவான்.

குரங்கு வந்தால் எல்லாரும் நிறுத்துவார்கள். அதற்கு மருந்து கிடையாது.

பாலிக் பூலாவ் மலை இறக்கத்தில் ரப்பர் கருகுகிற வாடை வருகிறதே?

உங்கள் முன்னால் போகிறவரின் பிரேக்தான் அது. ஜாலான் துன் சார்டோன் பாயா தெருபோங்கிலிருந்து மலை ஏறி, பாலிக் பூலாவ் பக்கம் இறங்கும். டுரியான் சீசனில், மே முதல் ஜூலை வரை, ஊரே அங்கேதான். கோலாலம்பூர்க் காடிகள், சிங்கப்பூர்க் காடிகள், அப்பா பக்கத்தில் உட்கார மகன் ஓட்டும் பி ஸ்டிக்கர் காடிகள். டுரியான் விற்கும் கூடாரம் ஒன்றைப் பார்த்ததும் சிக்னல் போடாமல் ஓரம் கட்டுவார்கள், பாதி காடி சாலையிலேயே நிற்கும்.

2014-லிருந்து ஆட்டோ கியர் காடியிலேயே படித்து லைசென்ஸ் எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான், அம்மாமார்கள் நிறையப் பேர் தைரியமாக ஓட்ட வந்தது இதனால்தான். ஆனால் அப்படிப் படித்தவர்களில் பலருக்குக் கியர் லிவரில் டி-க்குக் கீழே ஏதோ எழுத்து இருக்கிறது என்பதோடு சரி. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். போன சீசனில் என் மாணவி ஒருத்தி இறக்கத்தில் பாதி வந்ததும், "சார், பெடல் பஞ்சு மாதிரி இறங்குது" என்றாள். ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தோம். முன் சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை. இருபது நிமிஷம் கல்லில் உட்கார்ந்திருந்தோம். பிறகு லிவரை எல்-க்கு, அதாவது என்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும் தாழ்ந்த கியருக்கு, தள்ளச் சொன்னேன். என்ஜின் உறுமியது, காடி தானாகவே தயங்கித் தயங்கி இறங்கியது, அவள் கால் பிரேக்கில் படவே இல்லை. "இதை ஏன் யாருமே சொல்லலை?" என்று கேட்டாள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

வாடை வந்தால் தள்ளி வாருங்கள். அவர் பிரேக் பிடிக்காமல் போகலாம், இல்லை பயந்து திடீரென்று நிறுத்தலாம். இரண்டுக்கும் இடம் வேண்டும்.

மகளுக்கு இப்போதுதான் பி லைசென்ஸ் கிடைத்தது. பாலத்தில் ஓட்ட விடலாமா?

விடலாம், முதல் மாசம் ஞாயிற்றுக்கிழமை காலையில். பி காலம் இரண்டு வருஷம். ஸ்டிக்கரை முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். சாலைக் குற்றங்களுக்குப் புள்ளி சேர்ந்துகொண்டே வரும், பி லைசென்ஸில் 10 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்தாகிவிடும். அப்புறம் எல்லாம் முதலிலிருந்து.

சில பிள்ளைகள் ஸ்டிக்கர் ஒட்டினால் மற்றவர்கள் நெருக்குகிறார்கள் என்று கழற்றிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பி ஸ்டிக்கரைக் கண்டதும் பின்னால் முட்டிக்கொண்டு வந்து லைட் அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 40 வயசு ஆள், 18 வயசுப் பெண்ணிடம் வீரம் காட்டுகிறார். இருந்தாலும் ஸ்டிக்கர் இருக்கட்டும். அதைப் பார்த்து ஒதுங்கி வழி விடுகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் சத்தம் போடாததால் உங்கள் மகளுக்குத் தெரிவதில்லை.

பெற்றவர்களுக்கு ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்தாதீர்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பாதி நேரம் அப்பாவால்தான்.

ரவுண்டபௌட்டில் யாருக்கு முதல் உரிமை?

வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு. சட்டம் அவ்வளவுதான். வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்காரர் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நுழைவார், அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

மழையில் நான்கு சிக்னலையும் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம். நான்கும் மின்னினால் நீங்கள் திரும்புவது யாருக்கும் தெரியாது. ஹெட்லைட் போதும். இது நம் ஊர்க்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

தைப்பூசத்தின்போது?

வேண்டுதலைத் தவிர வேறு காரணத்துக்குக் காடியை எடுக்காதீர்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள் லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும், 2017-லிருந்து லெபோ குவீன் மாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் புறப்படும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், சாலை தெரியாத அளவுக்கு. சாலைகளை மூடிவிடுவார்கள், ஆனால் போனில் இருக்கும் வரைபடத்துக்குச் சில சந்துகள் மூடியது தெரியாது. ஒரு வருஷம் இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் ஓட்டிய வாடகைக் காடி, வழி தவறித் தேங்காய்க் குவியலுக்கு முன்னால் வந்து நின்றது. போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. தண்ணீர்ப் பந்தல் ஆட்கள் மட்டையையும் தேங்காய் ஓடுகளையும் மண்வாரியால் தள்ளி வழி செய்து, கையில் ஆளுக்கு ஒரு மோர் பாக்கெட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த இடத்தில் ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

வாடகைக் காடி என்னை இடித்துவிட்டது. இப்போது?

யாருக்காவது அடி என்றால் முதலில் 999. இல்லையென்றால், காடிகளை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். சாலையும் கோடுகளும் நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி. ஓட்டியவரின் பாஸ்போர்ட், லைசென்ஸ், அதைவிட முக்கியமாக வாடகை ஒப்பந்தத் தாள், மூன்றையும் படம் எடுங்கள். அவர் நாளை மறுநாள் விமானம் ஏறிவிடுவார், அந்தத் தாளில் இருக்கும் நிறுவனம் இங்கேயேதான் இருக்கும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும், சட்டப்படி. 'ரிப்போர்ட் வேண்டாம், 300 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள்' என்பார் சிலர். கதவுக்குள் என்ன நசுங்கியிருக்கிறது என்று சாலையில் நின்று தெரியாது.

போலீஸ் வருவதற்கு முன்பே இழுவை லோரி வந்து நிற்கும். யார் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. "அண்ணே, கையெழுத்து மட்டும் போடுங்க" என்றால் போடாதீர்கள். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு முதலில் போன் செய்யுங்கள். தவறு உங்கள் மேல் இல்லை என்று போலீஸ் முடிவு சொன்னால் உங்கள் காப்புறுதியிலேயே பழுது பார்க்கலாம், என்சிடி கழிவும் (க்ளைம் செய்யாத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) குறையாது. டேஷ்கேம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நீங்கள் எப்போதும் அவர்கள் பக்கமே பேசுகிறீர்கள். உங்களுக்கு எரிச்சலே வராதா?

வரும். ஆயர் ஈத்தாம் சந்தைக்கு முன்னால் லக்சாவுக்காக இரண்டாவது வரிசையில் காடியை நிறுத்திவிட்டுப் போன ஆளை நான் திட்டிய திட்டு இங்கே எழுதக் கூடியது இல்லை. ஆனால் வேனில் இருந்த 11 வருஷத்தில் என்னைப் பெரிசாக இடித்தது இரண்டு தடவை. இரண்டு பேருமே உள்ளூர்க்காரர்கள், சாலையை நன்றாகத் தெரிந்தவர்கள். ஒருவர் சிவப்பு விளக்கில் 'எப்போதும் யாரும் வர மாட்டார்கள்' என்று வந்தார். இன்னொருவர் எனக்கு முன்னால் தடவிக்கொண்டிருந்த வெளியூர்க் காடியை முந்த, கோட்டைத் தாண்டி வந்தார். வழி தெரியாதவர் நூறு மீட்டர் முன்னாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். பிரேக் விளக்கு, வைப்பர், தயக்கம். தெரிந்தவர் எதையும் காட்டுவதில்லை.

அப்புறம், கோலாலம்பூருக்குப் போனால் நான்தான் சுற்றுப்பயணி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவன், தவறான லைனில் மாட்டி ஸ்மார்ட் என்ற சுரங்கச் சாலைக்குள் இறங்கி, டோலும் கட்டி, சுங்கை பெசிப் பக்கம் வெளியே வந்தேன். தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். வழியில் எத்தனை பேர் ஹாரன் அடித்தார்கள் என்று என் மனைவி இன்றும் எண்ணிச் சொல்லுவாள்.

இந்தியாவிலிருந்து மாமா வருகிறார். என் காடியை ஓட்டக் கொடுக்கலாமா?

சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். காப்புறுதியில் அவர் பெயரைச் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் க்ளைமில் முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும். பி லைசென்ஸ் பிள்ளைகளுக்கும் அதே 400.

என் மாமா திருச்சியிலிருந்து வந்தபோது, 30 வருஷம் லாரி ஓட்டியவர் என்று நம்பிச் சாவியைக் கொடுத்தேன். பக்கம் ஒன்றுதான், காடி ஒன்றுதான், என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டிலிருந்து ஆயர் ஈத்தாம் சந்தை வரை ஒவ்வொரு காடியை முந்தும்போதும் ஹாரன். ஊரில் அது மரியாதை, இங்கே சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. டிராஃபிக் லைட்டில் பக்கத்தில் நின்ற மோட்டார்க்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி அவரைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். பச்சை விழுந்தது. மாமா ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து என் கையில் வைத்து, "மாப்பிள்ளை, நீங்களே ஓட்டுங்க. இங்க எல்லாரும் ரொம்ப அமைதியா இருக்காங்க, பயமா இருக்கு" என்றார்.